லீவு முடிஞ்சு டியூட்டிக்கு போற அன்னிக்கே சாயந்தரம் குளிர் காய்ச்சல், கழிவுநீர் பிளான்ட்ல வேலை செய்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க

பாலாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் காட்பாடி பக்கம், வயசு 27, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு ரெண்டு மூணு கம்பெனி மாறி இப்ப அஞ்சு மாசமா ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல காண்ட்ராக்ட் ஆபரேட்டரா இருக்கேன். எந்த இடம்னு சொல்லல, ஏன்னா எனக்கு இந்த வேலை வேணும். வீட்டு டிரைனேஜ் தண்ணிதான் வரும், தோல் ஷாப்புகள்ல இருந்து வர்ற தண்ணி கிடையாது.

எனக்கு அடிக்கடி காய்ச்சல் வருது. சும்மா காய்ச்சல்னா இங்க வந்து எழுத மாட்டேன், அது வர்ற விதத்துலதான் எனக்கு சந்தேகம். பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு திரும்பி போன அன்னிக்கு காலைல 6 மணி ஷிஃப்ட், ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்ட்டு படுத்தேன், அஞ்சு மணி வாக்குல உடம்பு வெடவெடன்னு ஆடுது, பல்லு கிட்டுது, ரெண்டு போர்வை போத்தியும் அடங்கல, தலைவலி, நெஞ்சு மேல கல்லு வச்ச மாதிரி ஒரு இறுக்கம். மறுநாள் விடிஞ்சா ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் அசதி அவ்ளோதான். அப்புறம் பத்து நாள் நல்லா இருந்தேன். மச்சினன் கல்யாணத்துக்கு மூணு நாள் குடியாத்தம் போய்ட்டு வந்து திரும்ப டியூட்டி ஏறின அன்னிக்கு அதே மாதிரி. இதுவரைக்கும் நாலு தடவை ஆச்சு, அதுல மூணு தடவை லீவு முடிஞ்ச மொத நாள், ஒரு தடவை மட்டும் சென்ட்ரிஃப்யூஜ் ரூம்ல (ஸ்லட்ஜ்ன்ற கழிவுச் சேத்த சுத்தி தண்ணிய பிரிக்கற மெஷின் ரூம்) ரெண்டு பேர் வேலைய நான் ஒருத்தனே பாத்த நாள்.

அம்மா உடம்பு சூடுன்னு நிலவேம்பு கஷாயம் வச்சு குடுக்கறாங்க. தெரு முனை கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் வைரல் ஃபீவர்னு ஒரு ஊசி, அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக். சைட்ல சொன்னா புதுசா வர்றவனுக்கெல்லாம் அப்டிதான், ஆறு மாசத்துல பழகிடும்றாங்க. எங்களுக்கு குடுக்கறது நீலக்கலர்ல ஒரு மெல்லிசு மாஸ்க், அதுவும் வாரத்துக்கு ரெண்டு.

என் வேலை இன்னான்னா தண்ணி உள்ள வர்ற எடத்துல இருக்கற சல்லடை, அதான் இன்லெட் ஸ்க்ரீன், அதுல மாட்டற துணி, பிளாஸ்டிக், முடி எல்லாம் வாரி போடறது, தண்ணில காத்து கலக்கற ஏரேஷன் டேங்க் மேல நடைபாதைல நின்னு சாம்பிள் எடுக்கறது, அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ்ல இருந்து விழற ஸ்லட்ஜ் கேக்க தள்ளி டிராக்டர்ல ஏத்தறது, ரூம கழுவறது. ஏரேட்டர் ஓடும்போது மேல நின்னா மூஞ்சி மேல பன்னீர் தெளிச்ச மாதிரி ஈரம் படும், அது உதட்டுல பட்டா எனக்கு வயித்த பொரட்டும்.

கேக்கறது ரெண்டுதான். அந்தக் காத்துல இருக்கற கிருமிதான் இந்தக் காய்ச்சலுக்கு காரணமா? வீட்ல ஒன்றரை வயசு பொண்ணு இருக்கா, நான் வந்ததும் ஓடி வந்து கால கட்டிக்குவா, அவளுக்கு என் துணிலருந்து எதாவது ஒட்டுமா? தெரிஞ்சவங்க தயவு பண்ணி சொல்லுங்க.

ஆம்பூர் ஈடிபி:

தம்பி நல்ல வேளை கேட்ட. நான் 19 வருஷமா ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்புகள்ல ஈடிபி, அதான் ஆலைக் கழிவுநீர் சுத்தம் பண்ற பிளான்ட் பாத்துக்கினு இருக்கேன், எனக்கும் மொத வருஷம் இதே கதைதான், ரம்ஜான் லீவு முடிஞ்சு போனா அன்னிக்கு ராத்திரி நடுக்கம் வந்துடும், எங்க வீட்ல மலேரியான்னு ரெண்டு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ண வச்சாங்க, ரெண்டு தடவையும் இல்லன்னு வந்துது.

எனக்கு தெரிஞ்சத சொல்றேன், படிச்சவங்க திருத்துங்க. நம்ம பிளான்ட்ல காத்து எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கெடாது. சேறு அடியில படியற தொட்டி, அதான் கிளாரிஃபையர், அந்தப் பக்கம் தண்ணி அமைதியா நிக்கும், அங்க நின்னா பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணி எங்க அடிபடுதோ, விழுதோ, கொதிக்கற மாதிரி பொங்குதோ அங்கதான் வெனை. இன்லெட்ல தண்ணி ஒசரத்துலருந்து கொட்டற எடம், மண்ணு பிரிக்கற கிரிட் சேம்பர், ஏரேஷன் டேங்க், அதுலயும் மேல ரெக்கை சுத்தி அடிக்கற ஏரேட்டர் இருக்குதே அது அடியிலருந்து குமிழி விடற டிஃப்யூசர விட ரொம்ப மோசம், கண்ணுக்கு தெரியற மாதிரியே புகை மாதிரி தூக்கி எறியும். எல்லாத்தையும் விட மோசம் ஸ்லட்ஜ் ரூம். நாலு செவுத்துக்குள்ள சென்ட்ரிஃப்யூஜோ பிரஸ்ஸோ ஓடுது, சாளரம் இருந்தா ஒண்ணு இருக்கும், அதையும் சத்தம்னு சாத்தி வச்சிருப்பாங்க. வேலை முடிச்சிட்டு சீக்கிரம் வீட்டுக்கு போவணும்னு ஜெட் பம்ப எடுத்து தரை, மெஷின் எல்லாம் சர்ர்ருனு அடிப்போம், தரை சுத்தமாவும் ஆனா அங்க ஒட்டிக்கினு இருந்தது அத்தனையும் நம்ம மூக்கு ஒசரத்துக்கு வந்துடும். நான் அத நிறுத்தி சாதா ஓஸ்ல மெதுவா தண்ணி விட்டு, ஒரு வைப்பர வச்சி தள்ள ஆரம்பிச்ச பெறகு எனக்கு பாதி குறைஞ்சுது. காஞ்ச ஸ்லட்ஜ் பெட்டுல வாரும்போது மொதல்ல கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு வாரு, தொடப்பம் போட்டு காஞ்சத பெருக்கவே பெருக்காத.

இன்னொண்ணு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நில்லு. ஏரேஷன் டேங்க் கைப்பிடி கம்பில ஒரு பழைய புடவைத் துணிய கிழிச்சு கட்டி விடு. அது பறக்கற பக்கம் நிக்காத, எதிர்ப்பக்கமா போய் சாம்பிள் எடு. நம்ம ஊர்ல ஆடி மாசம் மேற்கால இருந்து அடிக்கும், மார்கழில வடகிழக்கால வரும், ஒரே எடத்துல வருஷம் பூரா நிக்கக் கூடாது.

ஆனா தம்பி, கிருமி வேற கேஸ் வேற, இத கலந்துக்காத. எங்க தோல் தண்ணில சுண்ணாம்பு போட்ட தண்ணியும் ஆசிட் தண்ணியும் ஒண்ணா சேந்துதுன்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு கெளம்பும், வீட்டு டிரைனேஜ்லயும் மூடின கிணறு, சம்ப்புல அது சேந்து நிக்கும். மொதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) கிட்ட போனா மூக்கு மரத்து போய் நாத்தமே தெரியாது, நாத்தம் போச்சுன்னு நெனச்சி எறங்கினவங்க மேல வரல. தூசிக்கும் கிருமிக்கும் போடற எந்த மாஸ்க்கும் அந்த கேஸ நிறுத்தாது. கிருமிக்குன்னு போட்ட மாஸ்க்க நம்பி யாரும் மேன்ஹோல்ல எறங்காதீங்க, எறங்க சொன்னா முடியாதுன்னு சொல்லு, 2013ல வந்த சட்டம் உன் பக்கம் இருக்குது.

ஸ்லட்ஜுன்னா அலட்சியமா இருக்காத தம்பி. 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவு தேக்கின தொட்டி சுவர் ஒடைஞ்சி பக்கத்துல படுத்துக்கினு இருந்த தோல் தொழிலாளிங்க 10 பேர் செத்தாங்க. அது வேற விதமான சாவு, ஆனா அதுக்கப்புறம் நான் சேத்த சும்மா மண்ணுன்னு பாக்கறது இல்ல.

அகார் பிளேட்:

நான் மைக்ரோபயாலஜி, ஒரு லேப்ல வேலை, அதுக்கு முன்னாடி காலேஜ்ல பாடம் எடுத்தேன். மேல ஆம்பூர் பாய் சொன்னது அத்தனையும் சரி, அது ஏன் அப்படின்னு மட்டும் நான் சொல்றேன்.

தண்ணிக்குள்ள ஒரு குமிழி மேல ஏறி வரும்போது வழில இருக்கற பாக்டீரியாவ தன் தோல் மேல ஒட்ட வச்சிக்கிட்டே வரும். மேல வந்து உடையும்போது ரெண்டு விதமா துளி பறக்கும், குமிழியோட மேல் ஜவ்வு கிழிஞ்சு ரொம்ப பொடித் துளிங்க, அப்புறம் குமிழி இருந்த குழி மூடும்போது நடுவுலருந்து ஒரு பீச்சு மாதிரி எழும்பி அதுலருந்து கொஞ்சம் பெரிய துளிங்க. முக்கியமான விஷயம், அந்தத் துளில இருக்கற பாக்டீரியா அளவு டேங்க் தண்ணில இருக்கறத விட பல மடங்கு ஜாஸ்தி, 1970லயே பரிசோதனை பண்ணி நூறு மடங்குக்கு மேல கூட போகுதுன்னு காட்டியிருக்காங்க. அப்புறம் அந்தத் துளில இருக்கற தண்ணி நம்ம வேலூர் வெயில்ல கண் இமைக்கறதுக்குள்ள காஞ்சி போய் உள்ள இருந்த சரக்கு மட்டும் மிதக்கும். 5 மைக்ரானுக்கு கீழ போய்டுச்சுன்னா மூக்கு முடியும் சளியும் அத பிடிக்க முடியாது, நுரையீரல் அடி வரைக்கும் போகும். தலைமுடி தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான்னு வச்சிக்கிட்டா எவ்ளோ பொடின்னு தெரியும். பெரிய துளிங்க தொண்டைலயே மாட்டி நம்ம எச்சியோட முழுங்கிடுவோம், அதனாலதான் காத்துல வந்த கிருமி வயித்துப்போக்கும் குடுக்குது, சாப்பாட்டுல தப்பு இருக்கணும்னு அவசியம் இல்ல.

இத அளக்கறதுக்கு ஆறு அடுக்கு சல்லடை மாதிரி ஒரு கருவி இருக்கு, நிமிஷத்துக்கு 28.3 லிட்டர் காத்த இழுக்கும், மேல் அடுக்குல விழறது மூக்குல நிக்கற சைஸ், கீழ் அடுக்குல விழறது நுரையீரலுக்கு போற சைஸ். நாங்க படிக்கும்போது அதெல்லாம் இல்ல, கிருமி வளக்கற சாதா அகார் பிளேட்ட மூடி திறந்து வச்சோம், கேட்டுக்கிட்ட வச்ச பிளேட்ல அங்கொண்ணு இங்கொண்ணு காலனி (கிருமிக் கூட்டம்), ஏரேஷன் டேங்க் ஓரத்துல வச்ச பிளேட்ல எண்ணவே முடியல. எனக்கு அன்னிக்கு அந்தக் கம்பிய பிடிச்சு நின்ன ஆபரேட்டர் அண்ணன் மூஞ்சிதான் ஞாபகம் வருது, அவர் மாஸ்க் கூட போடல.

சரி, தம்பி உங்க காய்ச்சல். நீங்க எழுதியிருக்கற விதம், வேலை ஆரம்பிச்சு சில மணி நேரம் கழிச்சு நடுக்கம், நெஞ்சு இறுக்கம், ஒரு நாள்ல தானா போறது, லீவுக்கு அப்புறம் ஜாஸ்தி வர்றது, இது கிருமி உடம்புல பெருகி வர்ற காய்ச்சல் மாதிரி இல்ல. கழிவுநீர்ல இருக்கற ஈகோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியாக்களோட வெளித்தோல்ல எண்டோடாக்சின்னு ஒரு பொருள் இருக்கு. பாக்டீரியா செத்தாலும் அது சாகாது, ஏன்னா அது உயிர் இல்ல. மூச்சுல போனா உடம்பு எதிரி வந்துட்டான்னு நெனச்சி காய்ச்சல கெளப்பும். ஸ்வீடன்ல 1970கள்லயே சுத்திகரிப்பு நிலைய ஆளுங்ககிட்ட இதே குளிர் காய்ச்சல், கண் எரிச்சல், வயித்துப்போக்கு எல்லாம் பதிவு பண்ணியிருக்காங்க. பருத்தி மில்லுல வேலை செய்றவங்களுக்கு லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வர்ற காய்ச்சலும் இதே குடும்பம்தான். நெதர்லாந்து சுகாதார கவுன்சில் 2010ல 8 மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காத்துல 90 எண்டோடாக்சின் யூனிட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

அப்ப உங்க கிளினிக்ல குடுத்த ஆன்டிபயாட்டிக் இந்த மாதிரி காய்ச்சலுக்கு எதுவும் பண்ணாது, காய்ச்சல் மறுநாள் தானா போறத மருந்தால போச்சுன்னு நெனச்சிக்கறோம். நான் டாக்டர் இல்ல, உங்களுக்கு இதுதான்னு நான் முடிவு சொல்ல முடியாது, டாக்டர்கிட்ட போய் இத சொல்லிக் கேளுங்க.

வெயில் பத்தி ஒண்ணு. உச்சி வெயில்ல ஈகோலை மாதிரி கிருமி காத்துல ரொம்ப நேரம் உயிரோட இருக்காது, காத்துல காஞ்சி போறதும் புற ஊதாக் கதிரும் கொன்னுடும். ராத்திரி ஷிஃப்ட்ல, மார்கழி பனில அதுங்க அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனா எண்டோடாக்சினுக்கு பகல் ராத்திரி கிடையாது.

மெயின் ஷிஃப்ட்:

நான் வேற ஒரு பிளான்ட்ல 12 வருஷம், இப்ப ஷிஃப்ட் இன்சார்ஜ். தம்பிய பயமுறுத்த வேணாம்னுதான் எழுதறேன். எங்கிட்ட வந்த பசங்க எல்லாருக்கும் மொத மூணு நாலு மாசம் இப்படி இருந்துது, பெறகு சரியா போய்டுச்சு, நானே இப்ப மாஸ்க் இல்லாமதான் ரவுண்ட்ஸ் போறேன், ஒண்ணும் ஆவல. உடம்பு பழகிக்கும்னு சொல்றது பொய் இல்லங்க, அனுபவத்துல சொல்றது. வேலைய விட்டுட்டு ஓடிப் போற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

அகார் பிளேட்:

சார், நீங்க சொல்றதுல பாதி உண்மைதான், உடம்பு பழகும். ஆனா பழகறது காய்ச்சல் மட்டும். தினமும் எண்டோடாக்சின் போகும்போது உடம்பு கத்தறத நிறுத்திக்குது, நாலு நாள் இடைவெளி விட்டா மறுபடி கத்துது, அதனாலதான் லீவுக்கு அப்புறம் வருது. உள்ள போற அளவு குறையல, நுரையீரல் அத வாங்கிக்கிட்டுதான் இருக்கு. பருத்தி மில்லு தொழிலாளிங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்ததுல மூச்சு ஊதற சக்தி மத்தவங்கள விட வேகமா குறைஞ்சிருக்கு. காய்ச்சல் நின்னுடுச்சுன்னு மாஸ்க்க கழட்டறதுதான் எனக்கு கவலையா இருக்கு. உங்களுக்கு மாடி ஏறும்போது இளைப்பு வருதா, காலைல இருமல் இருக்கான்னு ஒரு தடவை யோசிச்சு பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க சார்.

அப்புறம் எல்லா காய்ச்சலும் எண்டோடாக்சின் கெடையாது. லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா, 25லருந்து 45 டிகிரி சூட்டு தண்ணில நல்லா வளரும், நம்ம ஊர் தண்ணி வருஷத்துல முக்கால்வாசி நாள் அந்த சூட்டுலதான் இருக்கு. அது மூச்சுலதான் பரவும், நிமோனியா குடுக்கும். பிரான்ஸ்ல பா-டி-கலேங்கற பகுதில 2003 கடைசிலருந்து 2004 ஆரம்பம் வரைக்கும் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையோட கூலிங் டவர்லருந்து பரவி 86 பேருக்கு வந்து 18 பேர் செத்தாங்க, 6 கிலோமீட்டர் தாண்டி இருந்தவங்களுக்கும் வந்துது, அங்க டவர ஜெட் வச்சு கழுவினதும் கழிவுநீர் குட்டைல ஏரேட்டர் ஓடினதும் அத பரப்ப துணை போச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. பாய் சொன்ன அதே ஜெட் பம்ப்தான். சாதா அமாக்சிசிலின் இதுக்கு கேக்காது, அதனாலதான் டாக்டருக்கு உங்க வேலை என்னன்னு தெரியணும்.

நைட் டியூட்டி அக்கா:

நான் ஸ்டாஃப் நர்ஸ், 22 வருஷம், வேலூர்லதான். இத படிச்சதும் தூக்கம் வரல, டீ போட்டு குடிச்சிட்டு எழுதறேன்.

ஓபில உக்காந்து நான் பாக்கறது என்னன்னா, என்ன வேலைப்பா செய்றன்னு கேட்டா யாரும் டிரைனேஜ் பிளான்ட்னு சொல்றதே இல்ல. கம்பெனி வேலை, ஆபரேட்டர், மெக்கானிக், இப்படித்தான் வரும். பக்கத்துல உக்காந்திருக்கற ஆளு தள்ளி உக்காருவாரோன்னு ஒரு கூச்சம், எனக்கு அது புரியுது, பொண்ணு குடுத்த வீட்டுக்கே தெரியாம வேலை செய்றவங்கள பாத்திருக்கேன். ஆனா அந்த ஒரு வார்த்தைய முழுங்கறதால டாக்டர் ஊர்ல எல்லாருக்கும் வர்ற வைரல் காய்ச்சல்னு எழுதிட்டு அடுத்த ஆள கூப்பிடுவாரு. தம்பி, உள்ள போனதும் மொத வார்த்தையா சொல்லு, சார் நான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல ஸ்லட்ஜ் ரூம்ல வேலை செய்றேன்னு. ஊருக்கே சுத்தம் பண்ற வேலை, தல குனிய ஒண்ணும் இல்ல.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. தேதி, ஷிஃப்ட், எந்த எடத்துல எத்தன மணி நேரம், ஏரேட்டர் ஓடுச்சா, ரூம் கழுவினியா, மாஸ்க் என்ன போட்ட, காய்ச்சல் வந்துதா, எத்தன மணிக்கு, தெர்மாமீட்டர்ல எவ்ளோ, எப்ப விட்டுது, இத மட்டும் தினமும் எழுது. காய்ச்சல் இல்லாத நாளும் எழுதணும், அதான் முக்கியம். ஒரு மாசத்துல அந்த நோட்டு எந்த ஸ்கேனையும் விட டாக்டருக்கு அதிகமா சொல்லும்.

எப்ப காத்திருக்காம ஓடணும்னு கேட்டா, காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டினா, மூச்சு வாங்கினா, கண்ணு ரெண்டும் செவந்து கெண்டக்கால் சதை தொட முடியாம வலிச்சா, மூத்திரம் குறைஞ்சா, கண்ணு மஞ்சளானா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும். கெண்டக்கால் வலி செவந்த கண்ணு எலிக்காய்ச்சலா இருக்கலாம், அது காத்துல வர்றது இல்ல, எலி மூத்திரம் கலந்த தண்ணி கால்ல இருக்கற சிராய்ப்பு வழியா ஏறும், உங்க வேலைல அதுவும் உண்டு. கால் வெடிப்பு இருந்தா கம்பூட்ஸ் இல்லாம எறங்காத. டெட்டனஸ் போட்டு எத்தன வருஷம் ஆச்சுன்னு பாரு, ஹெபடைடிஸ் ஏ, பி, டைபாய்டு தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட கேளு. ஊதற டெஸ்ட் ஒண்ணு, ஸ்பைரோமெட்ரி, இப்பவே எடுத்து வச்சிடு, அடுத்த வருஷம் எடுக்கறத இதோட ஒப்பிட்டு பாக்கலாம்.

குழந்தை பத்தி கேட்ட. காத்துல வந்தது வீடு வரைக்கும் வந்து அவளுக்கு காய்ச்சல் குடுக்கறது கஷ்டம், ஆனா துணி, செருப்பு, நகம் வழியா வயித்துக்கு போற கிருமி வரும், சின்னப் பிள்ள கைய வாய்ல வைக்கும். சைட்லயே குளிச்சி துணி மாத்திட்டு வா, குளிக்க எடம் இல்லன்னா கை, முழங்கை, மூஞ்சி, கழுத்து சோப்பு போட்டு கழுவி வேற சட்டை போட்டுக்க. டியூட்டி துணிய கவர்ல கட்டி கொண்டு வந்து தனியா சுடுதண்ணில ஊற வச்சி துவைங்க, குழந்த துணியோட சேக்க வேணாம். பூட்ஸ் வாசலோட. பொண்ணு ஓடி வந்தா ரெண்டு நிமிஷம் அழட்டும், கழுவிட்டு தூக்கு.

ஹான்ஸ், பீடி பழக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கைய கழுவாம வாய்ல வைக்கறது கிருமிய நேரா ஊட்டி விடறது மாதிரி.

இஎஸ்ஐ பிடிக்கறாங்களா பாரு. மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம்னா நீ காண்ட்ராக்ட்ல இருந்தாலும் உனக்கு இஎஸ்ஐ நம்பர் இருக்கணும். தொழில்ல வர்ற நோய்ங்க பட்டியல்ல தொற்று ஆபத்து இருக்கற வேலைல வர்ற தொற்று நோயும் இருக்கு. அதனாலதான் சீட்டுல உன் வேலைய எழுத வைக்கணும்னு மறுபடி மறுபடி சொல்றேன், எழுதாதது நாளைக்கு எங்கயும் நிக்காது.

ஆம்பூர் ஈடிபி:

அக்கா சொன்னத படிச்சி எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. என் மூத்த பையன் ஸ்கூல்ல அப்பா என்ன வேலைன்னு கேட்டப்ப லெதர் கம்பெனின்னு மட்டும் சொல்லிட்டு வந்தான், நான்தான் அப்டி சொல்லிக் குடுத்தேன்.

மாஸ்க் பத்தி விட்டுப் போச்சு. நீலக்கலர் மாஸ்க் ஓரத்துல காத்து போவும், அது நம்ம எச்சி அடுத்தவங்க மேல படாம இருக்கத்தான். ஐஎஸ் 9473 முத்திரை போட்ட எஃப்எஃப்பி2, இல்லன்னா என்95 போடு, மூக்கு கம்பிய ரெண்டு கையால அழுத்து, ஊதிப் பாரு, கண்ணு பக்கம் காத்து வந்தா சரியா உக்காரல. சித்திரை வெயில்ல அரை மணில நனஞ்சிடும், நனஞ்சா மூச்சு விட முடியாது, வால்வு வச்சது கொஞ்சம் தேவல, மாத்துக்கு ஒண்ணு பைல வச்சிக்க. என்னை மாதிரி தாடி வச்சிருக்கறவங்களுக்கு எந்த என்95ம் சரியா ஒட்டாது, அதுக்கு மோட்டார் வச்சி காத்து குடுக்கற மூடாக்கு இருக்குது, வெலை நம்ம கைக்கு எட்டாது. அதனாலதான் நான் மாஸ்க்க கடைசியா வைக்கறேன், மொதல்ல தெறிக்கறத குறைக்கணும்.

மெயின் ஷிஃப்ட்:

அகார் பிளேட் மேடம், நேத்து நீங்க கேட்டத வீட்ல சொன்னேன். காலைல நீங்க இருமறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது, இப்பதான் தெரியுதான்னு என் சம்சாரம் கேட்டாங்க. ஊதற டெஸ்ட்டுக்கு போறேன்.

தம்பிக்கு ஒரு இன்சார்ஜா சொல்றேன், மேல கேக்கும்போது காய்ச்சல்னு மட்டும் கேக்காத, மெஷின பத்தி கேளு, அதுக்குதான் ஆபீஸ் காது குடுக்கும். சென்ட்ரிஃப்யூஜ் கேக் விழற வாய்ல ஒரு ரப்பர் ஷீட் தொங்க விட்டாலே தெறிக்கறது நின்னுடும், பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போதும். ரூம் மேல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா அது ஆள் நிக்கற பக்கம் இழுக்குதா வெளிய தள்ளுதான்னு பாரு, எங்க பிளான்ட்ல ரெண்டு வருஷமா தலைகீழா சுத்திக்கிட்டு இருந்தத நான்தான் பாக்காம இருந்தேன். சாம்பிள் எடுக்க குச்சிய நீளமா பண்ணிக்க, ஏரேட்டர் டைமர்ல நிக்கற நேரமா பாத்து எடுக்க முடியுமான்னு லேப்ல கேளு, சில டெஸ்ட்டுக்கு ஓடும்போதுதான் எடுக்கணும், எல்லாத்துக்கும் இல்ல.

பாலாத்தங்கரை:

நாலு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சிக்கோங்க. நோட்டு போட்டேன் அக்கா. 24 டியூட்டில ரெண்டு தடவை காய்ச்சல், 101, 100.6. ரெண்டு நாளும் ஸ்லட்ஜ் ரூம், ரெண்டு நாளும் ஜெட்ல கழுவினது, ஒண்ணு வார லீவு முடிஞ்ச மறுநாள். ஸ்க்ரீன் பக்கம் மட்டும் இருந்த நாள்ல ஒரு தடவை கூட வரல. நானே எழுதலன்னா இது எனக்கு தெரிஞ்சே இருக்காது.

நோட்ட எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன், வாசல்ல நிக்கும்போது நாக்கு ஒட்டிக்கிச்சு, ஆனா சொல்லிட்டேன். அவர் பேனாவ கீழ வச்சிட்டு நோட்ட பக்கம் பக்கமா பாத்தாரு. எக்ஸ்ரே நல்லா இருக்கு, ஊதற டெஸ்ட்டும் நார்மல், இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேணாம்னு சொல்லி சீட்டுல வேலையோட பேர எழுதி, கழிவுநீர் தூசி துளி படறதால வர்ற காய்ச்சலா இருக்கலாம்னு கீழ கையெழுத்து போட்டு குடுத்தாரு.

சைட்ல அந்த சீட்ட காட்டினேன். ஜெட் பம்ப இப்ப ஸ்டோர்ல வச்சி பூட்டிட்டாங்க, ரூம ஓஸ்லதான் கழுவறோம், கால் மணி நேரம் அதிகமாகுது. ரப்பர் ஷீட்ட நானும் இன்னொரு ஹெல்ப்பரும் சேந்து மாட்டிட்டோம். என்95 கேட்டதுக்கு வாங்கக் கேட்டு இண்டெண்ட் போட்டிருக்கோம்னு சொன்னாங்க, இன்னும் வரல, என் காசுல வாங்கி போட்டுக்கறேன். எங்ககூட இருக்கற நாலு பேரும் நோட்டு போட ஆரம்பிச்சிட்டாங்க, அதுல ஒருத்தருக்கு 54 வயசு, எழுதத் தெரியாது, அவருக்கு நான் எழுதறேன். அவருக்கு இளைப்பு ஜாஸ்தி இருக்கு, திங்கக்கிழமை இஎஸ்ஐக்கு கூட்டிட்டு போறேன். அக்கா, அவருக்கு நோட்டுல இதுவரைக்கும் பத்து நாள்தான் இருக்கு, அது போதுமா இல்ல இன்னும் கொஞ்ச நாள் பாக்கணுமா?

நைட் டியூட்டி அக்கா:

பத்து நாள் போதும்ப்பா, இளைப்பு இருக்கறவர காக்க வைக்காத, திங்கக்கிழமைக்கு முன்னாடி ஜாஸ்தி ஆச்சுன்னா அன்னிக்கே கூட்டிட்டு போ. எத்தன வருஷமா எந்தெந்த வேலை பாத்தாருன்னு அவர்கிட்ட கேட்டு மொத பக்கத்துல எழுதிக்க, பீடி குடிச்சிருந்தா அதையும் மறைக்காம எழுது. காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு வா, ரத்தம் எடுக்க சொல்லலாம். கூட நீயும் உள்ள போ, அவர் வேலை என்னன்னு அவர் வாயால சொல்லட்டும், விட்டுப் போனா நீ சொல்லு.